சபூறா விழுந்த சட்டை

மருதமுனைக் கடற்கரையில் சபூறாவுக்கு ஒரு வீடும் ஒரு புருஷனும் நேரான இரண்டு தோள்களும் இருந்தன. சுனாமி வந்த காலையில் வீடு தண்ணியோடு போனது. சபூறா பூவரச மரத்தைக் கட்டிப் பிடித்துத் தப்பினாள். மரத்தை அவள் விடவில்லை, அவளைத் தண்ணி விடவில்லை. நடுவில் கிடந்த வலது தோளெலும்புதான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது. சனம் நிரம்பி வழிந்த ஆஸ்பத்திரியில் அந்த எலும்பு தன் இஷ்டத்துக்குப் பொருந்திக்கொண்டது. கட்டவிழ்த்துப் பார்த்தபோது வலது தோள் இடது தோளை விட்டு நன்றாகக் கீழே இறங்கிக் குடியேறியிருந்தது.

புருஷன் பக்கீர் முகைதீனைக் கடல் தொடவேயில்லை. அகதிக் கொட்டிலில் கொஞ்சக் காலம் அவளைப் பார்த்துப் பார்த்துத் தன் கழுத்தும் சரிகிறது என்று முறைப்பட்டு, அக்கரைப்பற்றில் தோள் ஒழுங்கான ஒருத்தியை முடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். கடல் குறையாக விட்ட வேலையை மனிதன் முடித்துவைப்பது வழக்கந்தானே.

அந்த நாட்களில் கல்முனைப் பக்கம் மீன் குறைவு, தொண்டு நிறுவனங்கள் அதிகம். கடலில் வலையைப் பறிகொடுத்தவர்களுக்குக் காளான் வளர்க்கப் படிப்பித்தார்கள். கூரை போனவர்களுக்கு மெழுகுதிரி ஊற்றப் படிப்பித்தார்கள். விதவைகளுக்குத் தையல். புருஷன் உயிரோடிருப்பது சபூறாவின் விண்ணப்பத்தில் பெரிய குறையாகத்தான் பட்டது. தோளைக் காட்டியபின் ஒருவாறு மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

படிப்பிக்க மட்டக்களப்பிலிருந்து சுலோஜனா மிஸ் வந்தா. "உடுப்பு உடம்பில தொடங்கிறதில்ல. பேப்பர்ல தொடங்குது" என்று முதல் நாளே சொன்னா.

ஊருக்கு இது புதினம். அதுவரை அங்கே ஓர் உடுப்பு இன்னோர் உடுப்பிலிருந்துதான் பிறந்தது. பெண்கள் உடம்புக்குச் சரியான பழைய சட்டையொன்றைப் பையில் சுற்றித் தையற்காரனிடம் கொடுப்பார்கள். அதற்கு அளவுச் சட்டை என்று பெயர். அன்னிய ஆண் கைபட்டு அளவெடுக்கும் பேச்சே இல்லை. கடல் அளவுச் சட்டைகளையும் கொண்டுபோனதால் ஊர் மொத்தமும் அளவில்லாமல், வெளிநாட்டார் அனுப்பிய கவுன்களுக்குள் நின்றது.

மிஸ் பிறவுண் பேப்பரை விரித்து, அடிமட்டத்தை வைத்து, பாதி உடம்பைக் கீறினா. "பாதி போதும். உடம்பு ரெண்டு பக்கமும் ஒண்டுதானே. துணிய மடிச்சு வெட்டினா மற்றப் பாதி தானா வரும்."

வகுப்பு மொத்தமும் திரும்பி சபூறாவைப் பார்த்தது. கடைசியில் மிஸ்ஸும் பார்த்தா.

"எனக்குத் தானா வராது மிஸ்" என்றாள் சபூறா.

மிஸ் தொண்டையைச் செருமினா. "நீங்க ரெண்டு பாதியையும் கீறுங்க."

மற்றவர்கள் பாதி மனுசியைக் கீறிவிட்டு வெற்றிலை போட, சபூறா முழு மனுசியைக் கீறினாள். துணியை உடம்போடு ஒடுக்கத் தைக்கும் மடிப்புக்குப் பிடிப்பு என்று பெயர். ஓரிடத்துப் பிடிப்பை மூடினால் அது இன்னோரிடத்தில் திறக்கும். தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து கைக்குழிக்கு அதை வேண்டியபடி ஓட்டலாம் என்று கண்டாள். தன் வாழ்க்கையில் எதையும் வேண்டியபடி ஓட்டியிராத சபூறாவுக்கு இது பெரிய அதிகாரம்.

கடைசி வகுப்பில் மிஸ் இன்னொன்றும் சொன்னா. "சொந்தமா ஒரு உடுப்பைக் கண்டுபிடிச்சா கழுத்துக்குள்ள உங்கட பேரத் தைக்கோணும். அப்பதான் அது உங்கட." இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் பின்னால் நடந்ததில் பாதி நடந்திராது.

சபூறாவுக்குச் சொந்தமாக ஓர் உடுப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. கல்முனைக்குப் போகும் வழியில் ஆமிச் சோதனைச் சாவடி. ஒரு தோள் உயர்ந்து நிற்கும் பெண்ணைக் கண்டால் நாட்டின் பாதுகாப்புக்கு எப்படித் தூக்கம் வரும்? ஒவ்வொரு முறையும் சாக்கு மறைப்புக்குள் கூட்டிப்போய், ஹபாயா என்ற கறுப்பு அங்கிக்குள் உயர்ந்த தோளைக் கசக்கிப் பார்த்தார்கள். எலும்புதான் இருந்தது. அடுத்த முறை அது வேறு ஏதாவதாக மாறியிருக்கக்கூடும் என்பதால் மறுபடியும் பார்த்தார்கள்.

பழைய பத்திரிகைகளை வெட்டி வெட்டி, யுத்தச் செய்திகளால் பல ஹபாயாக்கள் செய்து கிழித்தபின் அவள் ஒன்றைக் கண்டடைந்தாள். வலது தோளுக்குள் பஞ்சு வைத்து ஏற்றி, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குச் சரிவாக ஒரு மடிப்பை ஓடவிட்டாள். பார்க்கிற கண் மடிப்போடு ஓடி ஏமாந்து, இரண்டு தோளும் ஒன்றென்று நம்பியது. கழுத்துக்குள் சிவப்பு நூலால் 'சபூறா' என்று தைத்தாள். சாவடியில் கையசைத்துப் போகச் சொன்னார்கள். அன்று ஒரு சாமானும் வாங்காமல் கல்முனைக்குப் போய் வந்தாள். வந்தவுடன் திரும்பவும் போனாள்.

பிறகு யுத்தம் முடிந்தது. தோளைக் கசக்கிய அதே சாவடியில் வெற்றிப் பாற்சோறு கொடுத்தார்கள். ஏமாற்றுவதற்கு ஆளில்லாமல் போன ஹபாயாவையும் அதை வெட்டுவதற்குக் கீறிய பேட்டன் மட்டைகளையும் எடுத்துக்கொண்டு சபூறா நளீம் முதலாளியின் புடவைக் கடைக்குப் போனாள்.

"காக்கா, இது என்ட உடம்புக்குக் கீறினது. வாற ஆக்களுக்கு அவங்கவங்கட அளவுல கீறித் தருவன். கழுத்துக்குள்ள என்ட பேர் இருக்கோணும். நான் கேக்கிறது அது ஒண்டுதான்."

முதலாளி இடையில் எங்கேயோ கேட்பதை நிறுத்தியிருந்தார். "பேட்டன வெச்சிட்டுப் போங்க தங்கச்சி, பார்ப்பம்."

கடையின் வெட்டுக்காரன் பளீல் மட்டைகளை மேசையில் பரப்பிப் பார்த்தான். "முதலாளி, இதுல வலமும் இடமும் ஒத்து வருகுதில்ல."

"அதுதான்டா டிசைன்."

நோன்புப் பெருநாளுக்கு அந்த ஹபாயா கல்முனையிலிருந்து மருதமுனை வரைக்கும் விற்றது. கழுத்துக்குள் 'துபாய் கட்' என்று தைத்திருந்தது. ஆண்கள் நிற்கும் கடையில் போட்டுப் பார்க்கும் வழக்கம் இல்லை. நீளத்தை மட்டும் பார்த்து வாங்கிப் போனார்கள்.

பெருநாள் காலையில் தொழுகைத் திடலில் பெண்கள் கூடியபோது, எல்லாருடைய வலது தோளும் மலையேறியது, இடது தோள் கடலுக்கு இறங்கியது. தொழுகை வரிசைகளான சஃப்புகளை நேராக்கிக்கொள்ளும்படி ஒலிபெருக்கி கேட்டது. பெண்கள் காலை நேராக்கினார்கள், இடுப்பை நேராக்கினார்கள், பக்கத்தில் நின்றவளை இடித்து நேராக்கினார்கள். சரிந்து நின்ற அந்த வரிசையில் ஒருத்திதான் நேராக நின்றாள். அவளை யாரும் கவனிக்கவில்லை. சபூறா வாழ்க்கையில் கேட்டு வந்ததும் அதைத்தான். ஆனால் அன்று, கொஞ்சம் கவனித்தால் என்ன என்றிருந்தது.

அடுத்த நாள் அவள் தன் பெயரைக் கேட்டுக் கடைக்குப் போனாள். அவளுக்கு முன்னமே ஹபாயாக்களைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கூடியிருந்தார்கள்.

"என்ட மாமி கேக்கா, உனக்கு வாதம் வந்திட்டா புள்ள எண்டு" என்றாள் ஒருத்தி.

"என்ட மனிசன் ரெண்டு தரம் என்ன நிமித்திவிட்டாரு" என்றாள் றாஹிலா, கடைக்குப் பக்கத்து வீட்டுக்காரி. "மூணாந்தரம் கைவிட்டுட்டாரு."

முதலாளி வாசலில் சபூறாவைக் கண்டார். இறைவனின் ரஹ்மத்தே நடந்து வந்ததுபோல் அவர் முகம் விரிந்தது. "இந்தா வந்திருக்கி. ஆர்ட பேட்டன் எண்டு அவக்கிட்டயே கேளுங்க."

பெண்கள் திரும்பினார்கள். பளீல் மட்டைகளை அடுக்குவதுபோல் குனிந்து, "ராத்தா, தெரியா எண்டு சொல்லுங்க" என்று முணுமுணுத்தான்.

சொல்லியிருக்கலாம். கழுத்துக்குள் துபாயின் பெயர்தான் இருந்தது. துபாய் வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் இத்தனை பேர் கூடி, இது யாருடையது என்று அவளிடம் கேட்பது இதுதான் முதல் தடவை.

"என்ட" என்றாள் சபூறா.

எல்லாக் கண்களும் அவளுடைய ஹபாயாவுக்குள் புகுந்து வலது தோளைத் தேடின.

"அதானே பார்த்தன்" என்றாள் றாஹிலா. "தன்ட கோணல ஊருக்கெல்லாம் பங்கு வெச்சிருக்காள்."

"எனக்குக் கீறினது இது. உங்கட அளவுக்கு வேற கீறோணும் எண்டு முதலாளிக்கிட்டச் சொன்னன்" என்றாள் சபூறா. சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒருவர் முதலாளி. அவர் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவைத்தார்.

அதன்பின் சபூறாவுக்குத் தன் துறையில் யாருக்கும் கிடைக்காத புகழ் கிடைத்தது. தையல் இழுத்துக்கொண்டால் 'சபூறா விழுந்திட்டு' என்றார்கள். கதவு நிலை சரிந்தால் மேசனிடம் 'சபூறா வெச்சிட்டீங்களே' என்றார்கள். யுத்தத்துக்குப் பின் ஐக்கியம் வளர்க்கப் பல குழுக்கள் கூடித் தேநீர் குடித்தன. முஸ்லிமும் தமிழனும் ஒத்துக்கொண்ட முதல் விசயம் இந்தச் சொல்தான்.

இரண்டொரு வருசம் கழித்து, வீட்டுத்திட்டத்து வீட்டில் தையல் மெசினோடு இருந்தவளிடம் ஆலையடிவேம்பிலிருந்து மீனாம்பிகை என்றொரு பெண் சட்டையொன்றைக் கொண்டுவந்தாள்.

"நேரா வெட்டித் தைக்கிற ஆள் நீங்கதான் எண்டு சொன்னாங்க தங்கச்சி. இத ஒருத்தன் தைச்சான். ஒரே சபூறா."

"சபூறா எண்டா?"

"தையல் வேல செய்யிறீங்க, தெரியாதா? கோணல்."

சபூறா சட்டையைப் பிரித்தாள். மீனாம்பிகையின் இரண்டு தோளையும் தனித்தனியாக அளந்து, இரண்டு பாதியையும் கீறி, வெட்டித் தைத்தாள். குறை சொல்ல வழியில்லாத சட்டை. கழுத்துக்குள் சிவப்பு நூலால் தன் பெயரைத் தைத்துக் கொடுத்தாள்.

மீனாம்பிகை போட்டுப் பார்த்துக் கண்ணாடிக்கு முன் திரும்பித் திரும்பிச் சிரித்தாள். கழற்றும்போது சிவப்பு நூலைக் கண்டாள்.

"ஐயோ தங்கச்சி, இதென்ன எழுதி வெச்சிருக்கீங்க. இவ்வளவு நேரா இருக்கிற சட்டையில. பாக்கிறவங்க கழிச்ச சட்டை எண்டெல்லோ நினைப்பாங்க. பிரிச்சு விடுங்க."

சபூறா அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சின்னக் கத்தரியை எடுத்து, துணி கிழியாமல், ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்தெடுத்தாள்.