பெருசு பெரியவனுக்கு

போன மாதம் குரங்கணியிலிருந்து ஜீப்பில் எனக்கு ஒரு பாலிதீன் பை வந்தது. டிரைவர் வாசலில் நின்று ஹாரன் அடித்தான்.

"பெருசு, ஒங்க அண்ணன் மருமக குடுத்துவிட்டாங்க. வீடு ஒதுங்க வைக்கிறாங்களாம். ஒங்களுக்கு வேண்டாட்டி எடைக்குப் போட்டுருங்கன்னாங்க."

எஞ்சினை அணைக்காமலே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். முடிச்சை அவிழ்த்ததும் துருவும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது. போடிக்காரன் மூக்குக்கு ஏலக்காய் வாசனை தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மதுரையில் நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால்தான் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது லேசாகத் தெரியும். அப்படிப்பட்ட என் மூக்குக்கே அன்று அது எட்டியது. பைக்குள் ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகள், திருகுகள், ஒரு கைப்பிடி. எல்லாவற்றுக்கும் அடியில் பித்தளையில் ஒரு பல்சக்கரம். மற்றதைப் பாயில் கொட்டிவிட்டு அதன் பல்லை எண்ணினேன். ஐம்பத்தேழு. எண்ணாமலே தெரியும். இருந்தாலும் எண்ணினேன்.

என் வியாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டைகளைத் திருகி மாட்டி கிரேன், லிஃப்ட், லாரி என்று செய்கிற பழைய இரும்புச் செட்டுகளை நான் சேர்க்கிறேன். சும்மா நிற்கிற பொம்மை எனக்கு ஆகாது. கைப்பிடியைச் சுற்றினால் எங்கேயாவது ஏதாவது நகர வேண்டும். பதினான்கு செட்டு இருக்கிறது. ஸ்டியரிங் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிற லாரி ஒன்று; கயிற்றை இழுத்தால் மாடி மாடியாக ஏறி நிற்கிற லிஃப்ட் ஒன்று. ஏலக்காய்க் கடையில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதினவன் என்பதால் ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லாவற்றையும் கொட்டி எண்ணிப் பார்த்துத் திரும்பப் போடுவேன். ஒரு நட்டு குறைந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"எத்தன தடவ எண்ணுனாலும் அது என்ன குட்டியா போடப் போகுது?" என்பாள் என் மனைவி.

குட்டி போடாது. ஆனால் அந்தப் பதினான்கும் இந்த ஒரு சக்கரத்துக்காக வாங்கியவைதான்.

பெரியப்பா மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது விட்டுப்போன சாமான்களில் ஒரு அட்டைப்பெட்டியும் இருந்தது. மூடியில் சிவப்பு கிரேன் படம். ஏலக்காய் மூட்டைகளோடு மூட்டையாக அது கீழே வந்து சேர்ந்தது. அப்போது போடியில் அப்பா, பெரியப்பா எல்லோரும் ஒரே வீடு. பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணனும் நானும் ஒரே பாய். பெட்டிக்குள் இருந்த இங்கிலீஷ் புத்தகத்தில் ஒரு எழுத்தும் புரியவில்லை, படம் போதுமானதாக இருந்தது.

கிரேன் எழுந்து நின்ற அன்று நாங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை. கைப்பிடித் தண்டில் சின்னப் பல்சக்கரம், கயிறு சுற்றுகிற உருளையில் பெரிய பல்சக்கரம். சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது ஒரு சுற்று. மெதுவாகத்தான் ஏறும், ஆனால் எதைக் கட்டினாலும் ஏறும். அண்ணன் கைப்பிடிக்கு, நான் கொக்கிக்கு. வேட்டித் துண்டில் ஏலக்காயை மூட்டை கட்டித் தரையிலிருந்து கட்டிலுக்கு ஏற்றுவோம்.

"தூக்கவாடா?"

"தூக்குண்ணே!"

"டேய், லோடு சாயுதுடா, கையக் குடு!"

பெரியப்பாவின் செருப்பை ஏற்றினோம். அரைப்படியை அரிசியோடு ஏற்றினோம். ஒரு நாள் கோழிக்குஞ்சைச் சிரட்டையில் வைத்துப் பாதி உயரம் கொண்டுபோனபோது தாய்க்கோழி பறந்து வந்து கிரேனையே சாய்த்துவிட்டது. அண்ணன் கன்னத்தில் அது கொத்திய வடு இருக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அதை அம்மைத் தழும்பு என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பத்து வயதில் சொத்து பிரிந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஏன் ஒத்துவராமல் போனது என்று இன்றுவரை யாரும் எனக்கு முழுசாகச் சொல்லவில்லை. எங்கள் அத்தையைக் கட்டிய ராசிங்காபுரத்து மாமா நடுவில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். நியாயஸ்தர். குரங்கணியில் எங்களுக்கென்று இருந்த மலைத்தோட்டம் பெரியப்பாவுக்கு, கீழ் வயலும் வீடும் அப்பாவுக்கு. அண்டா, குடம், கட்டில், உலக்கை வரைக்கும் வந்து முடிகிற நேரத்தில் நானும் அண்ணனும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம்.

"கொண்டா அந்தப் பொட்டிய" என்றார் மாமா.

பாயில் கொட்டினார். நீளப் பட்டை இங்கே ஒன்று, அங்கே ஒன்று. குட்டைப் பட்டை இங்கே ஒன்று, அங்கே ஒன்று. கைப்பிடி ஒன்றுதான் இருந்தது, கொக்கியும் ஒன்றுதான். "கைப்பிடி அங்க, கொக்கி இங்க. ஈடாகிப் போச்சு" என்றார். பிறகு பல்சக்கரங்களை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்த்தார். அதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

"பெருசு பெரியவனுக்கு. சிறுசு சின்னவனுக்கு."

அண்ணன் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "மாமா, ரெண்டும் சேந்தாத்தான் சுத்தும்."

"ஏன், நீங்க ரெண்டு பேரும் சேந்தா இருக்கப் போறீங்க?"

கடைசியில் ஒரு நட்டு ஒற்றையாக நின்றது. மாமா அதை எடுத்து ஜன்னல் வழியாக வீதியில் எறிந்தார். "இப்பச் சரி. ஆளுக்கு அறுபத்தி மூணு. யாருக்கும் கொறையில்ல." பெரியவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் அண்ணனும் வீதிக்கு ஓடி அந்த நட்டைத் தேடினோம். இருட்டும்வரை தேடினோம், கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த கடைசிச் சோலி அதுதான்.

அவர்கள் குரங்கணிக்குப் போய்விட்டார்கள். கல்யாணத்திலும் கருமாதியிலும் பார்த்துக்கொள்வோம், பேசுவோம், ஒன்றும் பகை இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அண்ணன்.

"அண்ணே, அந்தப் பெரிய சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"குடுங்களேன், ஒரு தடவ மாட்டிப் பாத்துட்டுத் தந்துர்றேன்."

"நீ சின்னதக் கொண்டாடா. நான் மாட்டிப் பாக்குறேன்."

"நீங்க ஒரு நா கீழ கொண்டாங்கண்ணே."

"நீ ஒரு நா மேல கொண்டா."

பாயசம் வந்தது. பேச்சு அதோடு நின்றது. அடுத்தடுத்த கல்யாணங்களிலும் இதே பேச்சுத்தான், இலையில் பதார்த்தம்தான் மாறும். போடியிலிருந்து குரங்கணிக்கு என்ன பெரிய தூரம்? பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும். நான் போகவில்லை. மதுரையில் பழைய சாமான் கடைகளில் குனிந்து குனிந்து வேறு சக்கரம் தேடினேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் பல் ஒரு மாதிரி. ஒன்று என் சின்னச் சக்கரத்தைக் கடித்துப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று வழுக்கிக்கொண்டே போனது. இப்படித்தான் பதினான்கு செட்டு சேர்ந்தது.

பை வந்த அன்றே மருமகளுக்குப் போன் செய்தேன். "சின்ன மாமா, அவருக்கு இப்ப யாரையும் தெரியலை. எங்களோட கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போறோம். அடுத்த வாரம் கெளம்புறோம்" என்றாள்.

அதற்குள் அண்ணன் அந்தக் கைப்பிடியை ஒரு தடவையாவது சுற்ற வேண்டும். எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. பட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். என் விரல் நடுக்கத்தில் நட்டு திருகில் ஏற மறுத்தது. பத்து தடவை கீழே விழுந்தது. என் மனைவி சப்பாத்தி மாவில் ஒரு கிள்ளு எடுத்து என் விரல் நுனியில் ஒட்டி, அதன்மேல் நட்டைப் பதித்துவிட்டாள். அது நின்றது.

"அவருக்கு ஒங்களையே தெரியாதுங்கிறாங்க. இந்த இரும்பத் தெரியுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் அடுத்த நட்டையும் ஒட்டினாள். மூன்றாம் நாள் கிரேன் நின்றது. டம்ளரைக் கட்டித் தூக்கினேன். பல்லோடு பல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு காலை பஸ்ஸில் போனேன். குரங்கணி வீட்டில் பாதிச் சாமான் கட்டியாகிவிட்டது. அண்ணன் முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. எந்த ஊருங்க?"

போடி என்றேன். "அப்படிங்களா, நல்ல ஊருங்க" என்றார்.

கிரேனை எடுத்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்து, கொண்டுபோயிருந்த ஏலக்காய் மூட்டையைக் கொக்கியில் மாட்டினேன். "அண்ணே, சுத்துங்க" என்றேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கை மெல்ல நீண்டது. கைப்பிடியிடம் போகவில்லை, பெரிய சக்கரத்தைத் தொட்டது.

"டேய்."

ஸ்டூல் பக்கம் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இது எங்களுதுல்ல? ஒங்கிட்ட எப்பிடிடா வந்துச்சு?"

"ஒங்க மருமக குடுத்துவிட்டுச்சுண்ணே."

"பெருசு பெரியவனுக்குன்னு மாமா சொல்லல? கழட்டுடா. வெரசாக் கழட்டு. அப்பா பாத்தா வைவாரு."

"ஒரே ஒரு தடவ சுத்திட்டுக் கழட்டுறேண்ணே. சின்னதும் இதுலதான் இருக்கு, பாருங்க."

பார்த்தார். "அது ஒன்னுது. எனக்கெதுக்கு?"

மருமகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்க மாமா, கொஞ்ச நேரத்துல மறந்துருவாரு, நீங்க அப்படியே எடுத்துட்டுப் போயிருங்க." அவளுக்கு எப்படிச் சொல்வது? நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். திருகு வழுக்கிக்கொண்டே இருந்தது.

"கையி ஏண்டா நடுங்குது? களவாணிப் பயலே."

"வயசாயிருச்சுண்ணே."

"ஒனக்கா? போடா."

நான் அவசரப்படவில்லை. கழன்ற திருகை ஒரு தடவை திரும்பவும் முடுக்கிவிட்டுக்கூடக் கழற்றினேன். கடைசியில் வேறு வழியில்லாமல் சக்கரத்தை அவர் கையில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டார். உருளை சும்மா சுழன்று மூட்டை ஸ்டூலில் சரிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு என்னிடம் திரும்பினார்.

"காப்பி குடிச்சீங்களா? சாப்பிட்டுத்தான் போகணும் நீங்க."

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "பாத்துப் போங்க, மலை ரோடு" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்னை 'டா' போட்டுக் கூப்பிட இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். அப்பா, பெரியப்பா, மாமா போய் எத்தனையோ காலம். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள், கடையில் கூட வேலை பார்த்தவர்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்தேன். அண்ணனுக்காக முதலிலேயே மடக்கிய ஒரு விரல் மட்டும் மடங்கியே இருந்தது. போடி ஸ்டாண்டில் இறங்கும்போது கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதையும் விரித்தேன்.