பெரியப்பாவின் இடது கால்

என் அம்மா யாருடைய காலையாவது தொட்டுக்கொண்டு பேச்சை நிறுத்தினால் நான் அவள் விரலையே பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இன்றைக்கும்தான். அம்மா தேனாம்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் இதய வார்டில் நர்ஸ். தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைச் சோதித்த நோயாளிகளுக்குப் பாதம்வரை ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பது அவள் வேலைகளில் ஒன்று. துடிப்பு கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். அடுத்து வரும் நர்ஸ் அந்த இடத்தைத் தேடித் தவிக்கக் கூடாதல்லவா! வீட்டில் விளையாட்டாக என் காலிலும் போடுவாள். "உள்ள தவளக்குட்டி குதிக்குது பாருடி" என்பாள். பள்ளிக்கூடத்தில் ஷூவைக் கழற்றி அந்தக் குறியைக் காட்டி நான் பீற்றிக்கொண்டதுண்டு.

மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டில் இந்த வேலைக்கு வேறு மரியாதை. அப்பா வீட்டை எதிர்த்து அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, "ஊரார் காலைப் பிடிக்கறவ நம்மாத்துக்கா?" என்று அவர் கேட்டாராம். அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது. நான் பிறந்தபோதும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் வந்து மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று மட்டும் அவ்வப்போது யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். எதற்கு மன்னிப்பு என்று கேட்டால் காப்பி ஆறிவிடும் என்பார்கள்.

எனக்கு எட்டு வயதானபோது, அறுபத்து மூவர் உற்சவத்தன்று, பெரியம்மா தானாகவே ஃபோன் செய்து கூப்பிட்டாள். மாட வீதியைப் பார்த்த பால்கனி அவர்களுடையது. சைதாப்பேட்டையிலிருந்து நாங்கள் மூவரும் கிளம்பினோம். அப்பா வழியெல்லாம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

கூடம் நிறைய உறவுக்காரர்கள். நடுவில் சாய்வு நாற்காலியில் பெரியப்பா, முகமெல்லாம் வேர்வை. பெரியம்மா அவர் இடது காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நன்னா இருந்தார். சாப்ட்டு எழுந்தப்போ திடீர்னு கால் வலின்னார், இப்போ மரத்துப் போச்சுங்கறார்" என்றாள்.

"வெறும் சுளுக்கு" என்று அதட்டிய பெரியப்பா, எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா நேராகப் போனாள். அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்தாள்.

அத்தை ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியப்பா தொண்டையைக் கனைத்து, அம்மாவின் தலையில் கையை வைத்து, "சரி சரி, எழுந்துக்கோ. நடந்ததையெல்லாம் நான் மறந்தாச்சு" என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "என் பையிலருந்து பேனா எடு" என்றாள் என்னிடம். வலது பாதத்தில் ஒரு குறி போட்டாள். இடது பாதத்தில் அவள் விரல் மேலே தேடியது, கணுக்கால் எலும்புக்குப் பின்னால் போனது, முழங்காலுக்குப் பின்னால் போனது, மறுபடி பாதத்துக்கே வந்தது. பேனா அவள் கையிலேயே இருந்தது.

செத்தவர்களுக்குத்தான் துடிக்காது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியென்றால் சாவு பெரியப்பாவின் காலில் ஏறி உட்கார்ந்துவிட்டது, இனி மேலேதான் வரும். நான் குனிந்து என் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"மாமா, இந்தக் கால்ல ரத்தம் ஓடல, எங்கயோ அடச்சிருக்கு" என்றாள் அம்மா. "தேய்க்காதீங்க அக்கா, ஒத்தடமும் வேணாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போனா கால காப்பாத்தலாம். லேட் பண்ணா காலும் போயிடும், உயிருக்கும் ஆபத்து."

"சுவாமி வர நேரத்துல எப்படிடீ போறது?" என்று பெரியம்மா அழுதாள். வாசலில் தலை தலையாக ஜனம், ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. பெரியப்பா அம்மாவின் தலையில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அம்மாதான் அதை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தாள்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து அப்பாவும் உறவுக்காரர்களும் தூக்கிக்கொண்டார்கள். முன்னால் அம்மா. "நவுருப்பா! இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற, வழி வுடு நைனா!" இந்தத் தமிழைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் குடும்பம் அன்றைக்கு அதன் பின்னாலேயே ஓடியது. யாரோ மகானைத் தூக்கி வருகிறார்கள் என்று நினைத்து ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்தபடி வெளுத்துப்போன அந்த இடது காலையே பார்த்துக்கொண்டு ஓடினேன். வெளுப்பு முழங்காலைத் தாண்டிவிட்டதா, தாண்டிவிட்டதா என்று மட்டும்தான் மனசு அடித்துக்கொண்டது. தெருமுனையில் உற்சவத்துக்காக நிறுத்தியிருந்த ஆம்புலன்ஸைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகையே வந்தது.

இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று காலுக்கு இறங்கி அடைத்துக்கொண்டதாம். எடுத்துவிட்டார்கள். கால் பிழைத்தது, பெரியப்பாவும் பிழைத்தார். பார்க்கப் போனபோது நான் முதலில் போர்வையைத்தான் விலக்கினேன். இடது பாதத்தில் யாரோ ஒரு நர்ஸ் போட்ட பெருக்கல் குறி இருந்தது.

ஆனால் குடும்பத்தில் நிலைத்த கதை வேறு. அன்றைக்கு அவள் காலில் விழுந்தாள், அவர் பெரிய மனசு பண்ணி மன்னித்தார், அந்தப் புண்ணியம்தான் காலைக் காப்பாற்றியது! பெரியப்பாவும் இதை மறுத்துப் பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ கால்ல விழலன்னு சொல்லேம்மா!" என்று கத்தினேன்.

அம்மா சிரித்தாள். "என் தலையில வெச்ச கை எப்படி நடுங்கிச்சு தெரியுமா? பேஷண்ட் பயந்தத ஊருக்கெல்லாம் சொல்லுவாங்களாடி? அவங்க சொல்றத சொல்லட்டும், வுடு."

ஆசீர்வாதம் செய்கிற கை எதற்கு நடுங்க வேண்டும், நீ பொய் சொல்கிறாய் என்று அன்றிரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அந்தக் கூடத்தில் என்னைவிட அதிகம் பயந்துபோயிருந்தவர் பெரியப்பாதான் என்பதும், பிடித்துக்கொள்ள அவருக்கு அந்த நேரத்தில் அம்மாவின் தலை ஒன்றுதான் கிடைத்தது என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை.