முதுகில் யாராவது பொட்டு வைப்பார்களா?

கயிற்றை இரண்டு தரம் சுண்டி இழுத்துப் பார்த்த பிறகுதான் சீதாலெட்சுமி அதைக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வைக்கிறார். கயிற்றின் ஒரு முனை அதன் முதுகு வளையத்தில் இருக்கிறது. மறு முனை தையல் மெஷினின் இரும்புக் காலில். பொத்தானை அமுக்கியதும் அது மூச்சை இழுத்துக் கண்ணாடியைக் கவ்விக்கொள்கிறது. பிடியை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் உள்ளங்கையை அதன் கீழே ஏந்தியபடியே நிற்கிறார். விழுந்தால் பன்னிரண்டு மாடி. பிறகு ஜன்னலை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, ஊசியில் நூல் கோர்க்க உட்காருகிறார்.

ஜன்னல் துடைக்கும் ரோபோ. இரண்டு வட்டமான துணிப் பாதங்கள் மாறி மாறிச் சுழல, இடுப்பை ஆட்டி ஆட்டிக் கண்ணாடியில் நடக்கும். இணையத்தில் மலிவு விற்பனை போட்டபோது வாங்கியது. "ஒரு பட்டுப் பொடவ வெலகூட வரல" என்றார் என்னிடம். எல்லா விலையையும் அவர் புடவையில்தான் சொல்வார். ஜாக்கெட் தைப்பவர். கீழே பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் புடவை எடுக்கும் பெண்களில் பாதிப்பேர் பையோடு நேரே லிஃப்ட் ஏறி இவர் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். நான் எதிர்வீடு, எனக்கு லிஃப்டும் வேண்டாம்.

மலிவு என்பதால் அது சீனத்தில் மட்டும் பேசுகிறது. மொழியை மாற்றும் வழி குறிப்புப் புத்தகத்தில் இருக்கலாம். அந்தப் புத்தகமும் சீனத்தில்தான். தொடங்கும்போது ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். சீதாலெட்சுமி தலையை ஆட்டிக்கொள்வார். நடுவில் நின்றால், "ஜாலான் லா, ஜாலான்" என்று மலாயில் நடக்கச் சொல்வார். ஓசை அடங்கினால், "சுடா ஹாபிஸ்?" என்று முடிந்துவிட்டதா எனக் கேட்பார்.

"ஏன்க்கா அதுகிட்ட மலாயில பேசுறீங்க?"

"அது சீனத்துல பேசுது. தமிழ்ல சொன்னா அதுக்கு எப்படிப் புரியும்?" என்றார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

ஜன்னல் அவருக்கு அலங்காரமில்லை. தையல் மெஷின் அதை ஒட்டித்தான் கிடக்கிறது. துணியையும் நூலையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் ஒரு தையல்கூடப் போடமாட்டார். "டியூப் லைட்ல மெரூன் எல்லாம் பிரவுன்தான். கல்யாண வீட்டுல போய் நின்னா தெரியும் சங்கதி." ஆனால் கீழே ரயில் தண்டவாளம், பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும். ஒரு வாரத்துக்குள் கண்ணாடியில் கறுப்பு படிந்துவிடும். அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்குக் கிரில் போட நிர்வாகம் விடவில்லை. வெளியிலிருந்து பார்க்க எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கவேண்டுமாம். ஆகவே சீதாலெட்சுமி பல வருஷமாக ஜன்னலின் தள்ளுக் கதவைத் திறந்து, ஏறி, வெளியே ஏர்கான் பெட்டி உட்கார்ந்திருக்கும் சிமெண்ட் திண்டில் இறங்கி நின்று, செய்தித்தாளைக் கசக்கித் துடைத்துவந்தார். தமிழ்ப் பேப்பர்தான். இங்கிலீஷ் பேப்பர் கண்ணாடியில் வழுக்குகிறதாம்.

எதிர் பிளாக்கில் யாரோ அதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் குடியிருப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி மகள் ஷாமினிக்குப் போய்ச் சேர்ந்தது. ஷாமினிக்கு மேருவில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை. உயரத்தில் ஏறி வேலை செய்பவர்களுக்கு எப்படி விழாமல் இருப்பது என்று வகுப்பு எடுப்பவள். அன்று அவள் போட்ட சத்தம் என் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

"நான் ஊரானுக்கெல்லாம் சேஃப்டி எஸ்ஓபி சொல்லிக் குடுக்குறேன், எங்கம்மா பன்னெண்டாவது மாடியில வெளிய நின்னு டான்ஸ் ஆடுறாங்க! இன்னொரு தரம் ஏறுனீங்க, அவ்ளோதான். மெஷின லோரில ஏத்திருவேன். எங்கூட மேருக்கு வந்துருங்க."

"மேருல யாருடி எனக்குத் துணி குடுப்பா? சுத்தி ஃபேக்டரி. ஃபோர்க்லிஃப்டுக்கா ஜாக்கெட் தைக்கிறது?"

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் ரோபோ வந்தது. ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்கு வரும் ஷாமினி, செருப்பைக் கழற்றியதும் நேரே ஜன்னலுக்குப் போய்த் திண்டை எட்டிப் பார்ப்பாள். அங்கே படிந்திருக்கும் தூசிதான் சாட்சி. கால்தடம் இருந்தால் மேரு. வீட்டில் எந்தத் தூசியையும் பொறுக்காத சீதாலெட்சுமி இந்தத் தூசியை மட்டும் பத்திரமாக வளர்த்துவந்தார். மழை கழுவிவிட்டுப் போனால் கவலைப்படுவார்.

போன ஆயுத பூசைக்கு அவர் வீட்டில் உழைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, துணி துவைக்கும் மெஷின். ரோபோவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே. அது வெளியில் நின்று உழைப்பது. மறுநாள் ஞாயிறு. தீபாவளி நெருங்கி அலமாரி முழுக்கத் துணி குவிந்திருந்தது. விஜயதசமி அன்று தொடங்கும் வேலை சுபம் என்று காலையிலேயே தண்ணீர் தெளித்து, கயிற்றைச் சுண்டி, கண்ணாடியில் வைத்துவிட்டு சாம்பாருக்குப் பருப்பு போடப் போனார்.

நான் என் நீலப் புடவையின் ஜாக்கெட் துணியோடு உள்ளே போனபோது கூடம் மஞ்சளாக இருந்தது. சீதாலெட்சுமி துணியை வாங்கி வழக்கம்போல ஜன்னல் பக்கம் பிடித்தார். அது பச்சையாகத் தெரிந்தது.

"பச்சையா எடுத்தீங்க?"

"நீலம்க்கா."

இருவரும் கண்ணாடியைப் பார்த்தோம். வெளிப்பக்கம் முழுக்கச் சந்தனம், சுழிசுழியாக. நடுநடுவே குங்கும வளையங்கள். ரோபோ அப்போதும் மும்முரமாக இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம்க்கா பொட்டு வச்சீங்க?"

"மொகத்துலதான்." அதை இழுத்து எடுத்துத் திருப்பிக் காட்டினார். இரண்டு துணிப் பாதங்களும் குங்குமச் சிவப்பு. "கண்ணாடியப் பாக்குற பக்கம்தானே மொகம்? முதுகுல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"



பாதத் துணிகளைக் கழற்றி அலசிப் பிழிந்து மாட்டி, மறுபடி வைத்தார். மஞ்சள் வெளுத்தது. இன்னொரு தரம். சிவப்பும் போனது. ஆனால் வட்டப் பாதங்கள் கண்ணாடியின் மூலைக்குள் நுழையாது. கறுப்பு அழுக்கு தங்கியிருந்த நாளில் அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது நான்கு மூலையிலும் ஒதுங்கிய சந்தனமும் குங்குமமும் அப்படியே நின்றன.

"ஜாலான் லா! அங்க, மேல!" மலாயும் தமிழும் கலந்துபோயின. அந்தப் பெண் குரல் சீனத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஓய்ந்தது.

சீதாலெட்சுமி ரோபோவை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, செய்தித்தாளில் ஒரு தாளை உருவிக் கசக்கினார். கை கதவின் கொக்கி வரை போனது. திண்டின் தூசியைப் பார்த்தார். கை திரும்பி வந்தது. கசக்கிய தாளை மடியில் வைத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார், தைக்கவில்லை. "தீபாவளி முடியிற வரைக்குமாச்சும் இங்க இருக்கணும்" என்றார், என்னிடம் என்று சொல்ல முடியாது.

ஷாமினி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஜன்னலுக்குப் போனாள். திண்டில் மைனாவின் கால்தடம் மட்டும்தான் இருந்தது.

"குட்" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "என்னாம்மா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி? நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி வச்சிருக்கீங்க?"

"பூச போட்டேன்."

"ஜன்னலுக்கா?"

"ஜன்னல் தொடைக்கிறதுக்கு."

ஷாமினி என்னைப் பார்த்தாள். நான் என் நீலத் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு ஆனது. எனக்கும் ஒரு தட்டு கிடைத்தது. ஷாமினி சாம்பார் ஊற்றும்போது ஜன்னலைப் பார்த்தாள். அப்பளத்தை நொறுக்கும்போது பார்த்தாள். அம்மா சுத்தம் பார்க்கிற மாதிரியே பார்க்கிறவள். அவளுக்கு மட்டும் அது தெரியாது.

"அந்த மேல் மூலை மட்டும் எடுத்துட்டா தேவலம்மா. கண்ண உறுத்துது."

"அதுக்கு எட்டாது."

"பாக்க அசிங்கமா இல்ல?"

"இருக்கட்டும். நான் ஏறமாட்டேன்."

 ஷாமினி கை கழுவிவிட்டு வந்தாள்.

"அந்தப் பேப்பரக் குடுங்க."

"எதுக்கு?"

"ரெண்டு செகண்டும்மா."

தள்ளுக் கதவைத் திறந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஒரு முழங்காலைத் திண்டில் ஊன்றினாள். பிறகு மற்றதையும். தூசியில் இரண்டு வட்டமான தடங்கள் விழுந்தன.

நான் எழுந்துவிட்டேன். சீதாலெட்சுமி சத்தம் போடவில்லை. ரோபோவின் முதுகு வளையத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து மகளின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டார்.

"அம்மா, கிச்சுக்கிச்சு மூட்டாதீங்க!"

"ஆடாத. இனிமே தூசியப் பாத்து என்னையக் கேள்வி கேக்காத."

கயிற்றை இரண்டு தரம் சுண்டி இழுத்துப் பார்த்தார். மறு முனையில் மெஷின் அசையவில்லை. பிறகு, மூலையைத் துடைக்க எம்பும் மகளின் பின்னால் நின்று, உள்ளங்கையை விரித்து அவளுக்குக் கீழே ஏந்தியபடியே வைத்திருந்தார்.