நாலு குழுவுக்கும் ஒரே அக்கா

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்து வருகிறவள். அந்த இருக்கைக்குக் கீழே அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதனால் பெயர் பிரேக் அக்கா. கோபம் வந்தால் வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அடிக்குரலில் முழங்கும் பேஸ் கிட்டார் அவள் கைக்கு வந்ததே யாரும் சீந்தாததால்தான். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் தம்பியும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிப் பள்ளியின் கார் கொட்டகையில் கூடி வாசிப்பார்கள். மூன்று பேரும் கிட்டார். பின்னால் டிரம்ஸ் அடிக்க ஒரு தபால்காரர். யாரோ சொன்னார்கள் என்று பழைய பேஸ் ஒன்றையும் வாங்கிப் போட்டார்கள். நாலே தந்தி, விரல் தடிமனில். அதை எடுத்தால் ஓரமாக நிற்க வேண்டும் என்று மூவரும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். டயர்களுக்கு நடுவே அது ஆறு மாதம் தூசி குடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் புத்தகம் எடுக்க வந்தவள் சும்மா அதை மடியில் வைத்து, தடித்த தந்தியை ஒரு தட்டுத் தட்டினாள். அதன் ஒயர் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப்பில் மாட்டியே இருந்தது அவளுக்குத் தெரியாது. தொப்பைக்குள் யாரோ கதவைச் சாத்தியது போல் இருந்தது. சுவரில் தொங்கிய ஸ்பானர்கள் கிணுகிணுத்தன.

“டேய், இதை நான் எடுத்துக்கவா?” என்றாள்.

“எடுத்துக்கோக்கா! தாராளமா எடுத்துக்கோ!” என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அத்தனை வருடத்தில் அவர்கள் தாளம் தப்பாமல் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

அதற்கப்புறம் ஆறு வருடம். முதல் மாதம் விரல் நுனியெல்லாம் கொப்புளம். வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி நடக்கப் பழகின. ஒலியை எழுப்புவதைவிட, அதை எப்போது நிறுத்துவது என்பதுதான் பெரிய பாடம் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். வாசிக்காத தந்திகளை இடது கை விரல்கள் லேசாகத் தொட்டு அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து குழம்பிப்போகும்.

இந்த வருடம் நகராட்சி அரங்கத்தில், வேலைக்குப் போய்க்கொண்டே வாசிக்கிறவர்களுக்காக ஒரு நாள் நிகழ்ச்சி வைத்தார்கள். ஏழு குழு, சிறந்த குழுவுக்குப் பரிசு, காலை பத்து மணிக்குத் தொடக்கம். தம்பியின் குழுவுக்குக் கடைசி இடம். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் எங்கே பார்த்தாலும் கிட்டார் உறைகள். கிட்டாருக்குப் பஞ்சமில்லை, பேஸுக்குத்தான் பஞ்சம். செவிலியர்கள் நாலு பேர் சேர்ந்த குழுவில் பேஸ் வாசிக்கும் பெண்ணுக்குத் திடீரென்று டியூட்டி போட்டுவிட்டார்கள். கல்லூரி விரிவுரையாளர்கள் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். தச்சர் ஒருவரும் அவருடைய மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். அவர்களிடம் பேஸ் ஆள் என்றைக்குமே இருந்ததில்லை.

தம்பிக்கு வாய் சும்மா இருக்குமா?

“எங்க அக்கா இருக்காங்களே! எந்தப் பாட்டா இருந்தாலும் பின்னிடுவாங்க.”

“டேய்!” என்று அவள் பல்லைக் கடிப்பதற்குள் மூன்று குழுவும் அவளைச் சுற்றி நின்றது.

பயந்தாள் என்றால் பொய். கை பரபரத்தது. நாற்பத்து நாலு வயதில் இப்படி யாரும் அவளுக்காக முண்டியடித்ததில்லை.

“பாட்டை முழுசா சொல்ல வேண்டாம்” என்றாள் செவிலியர்களிடம். “எங்க ஆரம்பிக்குது, எங்க திரும்புது, எங்க நிக்குது, அதை மட்டும் சொல்லுங்க.” சொன்னதையெல்லாம் பால்பாயின்ட் பேனாவால் முன்கையில் எழுதிக்கொண்டாள். பத்து நிமிடம் ஒத்திகை. பிறகு மேடை. டிரம்ஸின் பெரிய முரசைக் காலால் அடிக்கும் மிதி விழும் இடத்தில் எல்லாம் தன் ஒலியும் விழுகிற மாதிரி எளிமையாக வாசித்தாள். ஒரு இடத்தில் தடுக்கியது. அரைச் சுரம் தள்ளி விழுந்த விரலைச் சட்டென்று நகர்த்தி, வேண்டுமென்றே இழைத்தது போல் ஆக்கிவிட்டாள். பாடிய செவிலி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

விரிவுரையாளர்களின் பாட்டு குதிரைப் பாய்ச்சல். அந்த வேகத்துக்கு விரல் தாங்காது, தந்தியை மீட்டும் சின்ன வில்லையான பிக் வேண்டும். அவர்களிடம் இருந்தவையோ கிட்டாருக்கான மெல்லியவை. தடித்த தந்தியில் பட்டதும் மடங்கின. பையைத் துழாவினாள். காலாவதியான பயிற்சிப் பள்ளி அட்டை ஒன்று கிடைத்தது, கெட்டிப் பிளாஸ்டிக். செவிலியரிடம் கத்தரிக்கோல் வாங்கி முக்கோணமாக வெட்டினாள். அதை வைத்துக்கொண்டே முழுப் பாட்டையும் அடித்து முடித்தாள்.

அறிவிப்பாளர் கண்ணைச் சுருக்கினார். “இவங்களை இப்பத்தானே பார்த்தோம்?”

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “அது எங்க பிரேக் அக்கா சார்! எனக்கு வண்டி கத்துக்குடுத்தவங்க!”

“எனக்கும்!” என்று இன்னொரு மூலையிலிருந்து.

“அக்கா, கிளட்ச்சை மிதிங்கக்கா!”

அரங்கமே சிரித்தது. அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. அது வெட்கமா சந்தோஷமா என்று அவளுக்கே புரியவில்லை.

தச்சர் குழுவுக்கு முன் நாலு தந்தியையும் அரைச் சுரம் இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது, அவருடைய குரலுக்காக. தந்திகள் தளர்ந்து தொளதொளவென்று ஆடின. அதற்குள் சுட்டுவிரலில் கொப்புளம் உடைந்துவிட்டது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஏறினாள். மேடையில் வெளிச்சம் பட்டதும் தச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னாலேயே அவருடைய தோள் உயர்வதை அவள் பார்த்தாள். புதிதாக வண்டி பழகுகிறவர்கள் தப்பான பக்கம் திரும்புவதற்கு அரை நொடி முன்னால் தோள் இப்படித்தான் உயரும். சரணத்தை விட்டுவிட்டு நேரே பல்லவிக்குத் தாவப்போகிறார்! அவர் வாய் திறப்பதற்கும் அவள் பல்லவியின் முதல் ஒலியை ஓங்கி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. டிரம்ஸ் அடித்த மகளும் பல்லவிக்குத் தாவினாள். மருமகனும் வந்து சேர்ந்துகொண்டான். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இறங்கியதும் தச்சர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் தப்பு பண்ணப்போறேன்னு எப்படிம்மா தெரிஞ்சது?”

“அதுதாங்க என் பொழைப்பு” என்றாள்.

கடைசியாகத் தம்பியின் குழு. அவன் அவள் விரல்களைப் பார்த்து முகம் வாடினான். “அக்கா, ரத்தம் வருதுக்கா. நான்தான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம... விட்டுடு, பேஸ் இல்லாமலே சமாளிக்கிறோம்.”

“போடா. ஊருக்கெல்லாம் வாசிச்சுட்டு வீட்டுக்கு வாசிக்க மாட்டேனா?”

தந்திகளை மறுபடி ஏற்றினாள். நடுவிரலிலும் தோல் கிழிந்திருந்தது, இரண்டு விரலும் இனி உதவாது. வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள் முடியும் இடத்தில் அவற்றின் மேல் மெத்தென்று வைத்து, கட்டைவிரலால் மட்டும் மீட்டிப் பார்த்தாள். ஒலி குட்டையாக, உருண்டையாக வந்தது. ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் டோன் திருகைப் பாதி குறைத்தாள். கட்டைவிரல் ஒன்றினால் ஓட முடியாது. அதனால் பாட்டை நிதானமாக எடுக்கச் சொல்லித் தபால்காரருக்குக் கண்ணால் காட்டினாள். நாலு வருடமாக மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு அன்றைக்குத்தான் நடந்தது. மூன்று கிட்டார்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகக் கேட்டன. தம்பி பாதியில் வாசிப்பதை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். முதல் வரிசை கையால் தாளம் போட்டது, பிறகு மொத்த அரங்கமும்.

பரிசு செவிலியர்களுக்குப் போனது. அவர்கள் அவளையும் இழுத்துக்கொண்டுதான் மேடையேறினார்கள். அப்போது எடுத்த படத்தில் பாதிக் கண் மூடி, பேனாக் கிறுக்கலும் பிளாஸ்திரியுமாக நிற்கிறாள்.

அடுத்த வாரம் தச்சர் தங்கள் குழுவிலும் வாசிக்கச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டார். தம்பி கொஞ்சம் முறுக்கிக்கொண்டான். “ஞாயித்துக்கிழமை நமக்கு, சனிக்கிழமை அவங்களுக்கு. சரியா?” என்று அவள் கேட்டதும் வழிக்கு வந்தான். வீட்டுக்காரர் வாரக் கிழமைகளைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, கீழே “எனக்கு எந்தக் கிழமை?” என்று எழுதி வைத்தார். அவள் பேனாவை எடுத்து “வெள்ளி” என்று எழுதினாள்.

சனிக்கிழமை மதியம் தச்சரின் பட்டறைக்குப் போனாள். தரையெல்லாம் மரத்தூள், முடியாத அலமாரி ஒன்றின் மேல் ஆம்ப். தச்சர் இழைப்புளியை ஓரமாக வைத்துவிட்டு வந்தார்.

“புதுசா ஒரு பாட்டு கட்டலாம்னு இருக்கோம்மா. இந்தத் தடவை நீங்கதான் ஆரம்பிக்கணும். நீங்க போடுறதுக்கு மேலதான் நாங்க ஏறுவோம்.”

“நானா? நான் என்ன வாசிக்கிறது?”

“அது எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து மகள் சிரித்தாள்.

ஆறு வருடத்தில் ஒரு பாட்டைக்கூட அவள் தொடங்கியதில்லை. புதுத் தோல் கட்டிய சுட்டுவிரலைத் தடித்த தந்தியில் வைத்தாள். ஒரு ஒலி. அதற்கு மேலே இரண்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. நன்றாக இருந்தது. மறுபடி அதையே வாசித்தாள். மூன்றாவது சுற்றில் மகளின் கால் டிரம்ஸ் மிதியில் இறங்கியது.