சினியாவின் முட்டியும் அவள் அம்மாவின் வேண்டுதலும்

சினியாவின் வலது முட்டி போன அன்று அவள் பக்கத்தில் யாருமே இல்லை. எதிரணிப் பெண் ஒருத்தி காலை வாரிவிட்டாள் என்று எங்கள் ஊர் பராய்சோவில் இன்னும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? அவள் ஆடிய கால்பந்து அணியின் கோல்கீப்பர் நான். மைதானம் முழுவதும் என் கண்ணுக்கு எதிரே கிடந்தது. வலது ஓரமாகப் பந்தோடு ஓடிவந்தவள் சட்டென்று உள்பக்கம் திரும்பினாள். ஈரப் புல்லில் பாதம் அப்படியே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. அவ்வளவுதான்.

"குண்டு, உள்ள ஏதோ விட்டுப்போச்சுடி" என்றாள் நான் ஓடிப்போய்க் குனிந்தபோது. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார்கள். அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது. நானும் அவளும் ஒரே சௌசௌ கொட்டகையில் வேலை. காயைப் பொறுக்கி, அளவு பிரித்து, பெட்டியில் அடுக்கவேண்டும். வேலையில் அவள் சரியான சோம்பேறி. கோணல் காயையும் நல்ல காயோடு சேர்த்துத் தள்ளிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூட்ஸைக் கட்டிவிட்டால் அது வேறு பெண். இரண்டாம் டிவிஷனில் அவளைத் துரத்திப் பிடித்த தடுப்பாட்டக்காரி ஒருத்திகூட இல்லை. இதை நட்புக்காகச் சொல்லவில்லை. பயிற்சியில் அவள் அடித்த பந்துகளை வலைக்குள்ளிருந்து பொறுக்கியவள் நான்.

செப்டம்பரில் ஆபரேஷன். முட்டிச் சில்லுக்குக் கீழே இருந்து ஒரு துண்டு நார் எடுத்து, கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே பொருத்தினார்கள். கட்டுப் பிரித்தபோது தொடை பாதியாக வற்றிப்போயிருந்தது. பிசியோ ஓல்மன் காலை நேராகத் தூக்கச் சொன்னார். தூக்க வரவில்லை. முகம் சிவந்து, வியர்த்து, குதிகால் மெத்தையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை.

"மூளை சொல்லுது, தொடை கேக்க மாட்டேங்குது. மாமியார் மருமக சண்டை மாதிரிதான். கொஞ்ச நாள்ல சமாதானமாயிடும்" என்றார் ஓல்மன். சினியா சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

சமாதானத்துக்கு மூன்று மாதம் பிடித்தது. தினமும் சாயங்காலம் அவள் அம்மா மரியெலோஸ் கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலையணை உறையில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு, மகள் காலைத் தூக்குவதை எண்ணுவாள். இருபது முடிந்தால் ஒரு தம்ளர் வெல்லத் தண்ணீர், சுடச் சுட. பிறகு நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், பிறகு படி இறங்குவது, பிறகு ஒற்றைக் காலில் தாண்டுவது. ஓல்மன் டேப் வைத்து அளப்பார். இடது காலில் நூற்று நாற்பது சென்டிமீட்டர் தாண்டினால் வலது காலில் தொண்ணூறு. அந்த இடைவெளியை அடைக்க அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

"இவ்வளவு எதுக்குடி? நடக்க முடியுதுல்ல, போதாதா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வாரம் பூரா சௌசௌ அடுக்குறவ எவளோ ஒருத்தி. ஞாயித்துக்கிழமைதாண்டி நான் சினியா. அதையும் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?" என்றாள்.

ஜூலைக் கடைசி ஞாயிறு மறுபடி இறங்கினாள், மாற்று ஆட்டக்காரியாக. முதல் பந்திலேயே ஒருத்தியை ஏமாற்றி உட்கார வைத்தாள். நான் கோல் கம்பத்தைத் தட்டித் தட்டிக் கத்தினேன். பதினாலு நிமிடம் ஆடினாள். தலையால் முட்ட எகிறியவள் கீழே வந்தபோது வலது கால் தாங்கவில்லை. இரண்டு கைகளாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

புதன்கிழமை ஸ்கேன் பார்த்த டாக்டர், புது ஜவ்வும் போய்விட்டது என்றார். "ஆனா வயசு இருக்கு. இன்னொரு தடவை பண்ணலாம். ஒரு வருஷம் ஆகும். திரும்ப ஆட முடியும்." அவர் முடிப்பதற்குள் சரி என்றுவிட்டாள். வெளியே வந்ததும் ஊன்றுகோலால் என் காலில் இடித்து, "அடுத்த ஆகஸ்ட்டுக்குள்ள வந்துருவேன் குண்டு. என் எடத்துல எவளையாவது நிக்க வெச்சீங்க, கொன்னுடுவேன்" என்றாள்.

மரியெலோஸ்தான் சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆகஸ்ட் முதல் தேதி காலை, மாதா திருநாளுக்காக ஊரே பக்கத்து ஊர் கார்த்தாகோவின் மாதா கோவிலுக்கு நடக்கும்போது அவளும் கிளம்பினாள். துணைக்கு நான் நடந்தேன். சினியா மாமன் மகன் வேனில் வந்து கோவில் வாசலில் காத்திருந்தாள். மூன்று பேரும் உள்ளே நுழைந்ததும் மரியெலோஸ் பாவாடையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு முட்டி போட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. மூத்த பெண்களை நாங்கள் மரியாதையாகத் தோன்யா என்போம். "தோன்யா, எதுக்கு இது? நீங்க கேட்டத மாதா குடுத்தாளா? நிறைவேறாத வேண்டுதலுக்கு யாராவது முட்டியால போவாங்களா?"

"நிறைவேறிடுச்சும்மா. அதான் என்னால தாங்க முடியல."

பிறகு சொன்னாள். ஆபரேஷன் அன்று இதே இடத்துக்கு வந்து, மகள் மறுபடி மைதானத்தில் 'ஒரு ரத்தீகோ' ஆடட்டும், பீடம் வரை முட்டியாலேயே வருகிறேன் என்று வேண்டியிருக்கிறாள். ரத்தீகோ என்றால் கொஞ்சூண்டு நேரம். எங்கள் ஆட்களுக்கு எதையும் முழுசாகக் கேட்க வாய் வராது. காபி கேட்டால் ஒரு துளிக் காபி, உதவி கேட்டால் ஒரு குட்டி உதவி. பெரிதாகக் கேட்டால் மரியாதை இல்லாதவள் என்று பெயராகிவிடும். மாதாவையே நெக்ரிதா, கறுப்புக் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்கிற மாதிரி மரியெலோஸ் மாதாவிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"பதினாலு நிமிஷம். ரத்தீகோன்னா அவ்வளவுதானே? அவ அளந்து குடுத்துட்டா. பத்து வருஷம் ஆடட்டும்னு கேக்க எனக்கு நாக்கு எழும்பலியே. எம்பொண்ணு காலை நான்தான் குறைச்சுக் கேட்டேன்."

சொல்லிவிட்டு நகர ஆரம்பித்தாள். அவளுக்கு வயது அறுபது. பாதித் தூரத்தில் தோல் கிழிந்து தரையில் ரத்தம் தெரிந்தது. முன்னால் போனவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு, "வாயில்லாதவ வயித்துல வந்து பொறந்தியே" என்று முனகினாள். எழுந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சினியாவுக்குக் குனிய முடியாது. ஊன்றுகோலில் சாய்ந்தபடி மேலிருந்தே பேசினாள்.

"அம்மா, இங்க பாரு. எனக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு. ஒரே ஒரு தடவை இறங்கிட்டு, விட்டுடணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். உன்கிட்ட சொல்லல, அவ்வளவுதான். வேணும்னா குண்டுவக் கேளு."

மரியெலோஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஆமா தோன்யா. அதுதான் கடைசி ஆட்டம்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் இறங்கினா" என்றேன். மாதாவுக்கு எதிரே நின்றுகொண்டு சொன்னேன். அவ்வளவு சுலபமாக ஒரு பொய் என் வாயில் அதற்கு முன் வந்ததில்லை.

மிச்சத் தூரத்தையும் அவள் முட்டியாலேயே கடந்தாள். வெளியே வந்து இரண்டு சோள அடை தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

நவம்பரில் டாக்டர் கூப்பிட்டபோது சினியா போய், நடக்க முடிந்தால் போதும், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். கொட்டகையில் எல்லோர் முன்னாலும் நான் கத்தினேன்.

"பைத்தியமாடி உனக்கு? ஆட முடியும்னு அந்த ஆளே சொன்னாரே!"

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டா அம்மாகிட்ட சொன்னது பொய்னு ஆயிடும்."

"பொய்தானேடி அது!"

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்" என்றாள். காயைப் பிரித்துக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை.

மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது வேலையில் அவளைக் குறை சொல்ல ஆளில்லை. கோணல் காய் ஒன்றுகூடத் தப்பாது. அவள் வீடு மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. நாங்கள் கோல் போட்டால் சத்தம் அவள் சமையலறை வரை கேட்கும். ஒரு ஞாயிறுகூட அவள் வந்ததில்லை. போன வாரம் மரியெலோஸைக் கடையில் பார்த்தேன். முகம் தெளிந்து, ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள்.

"எம்பொண்ணுக்கு இப்பல்லாம் பாட்டுப் பைத்தியம்மா" என்றாள் சந்தோஷமாக. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனாப் போதும், ரேடியோவ வீடே அதிர்ற மாதிரி வெச்சுக்குறா."