தாயத்தில் அடைத்தது

எங்கள் வீட்டுச் சுவர்களில் வெள்ளரி விதை போல, சாம்பல் நிறத்தில் அவை ஒட்டிக்கொண்டிருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பல வருடம் துடைப்பத்தால் தட்டிவிட்டிருக்கிறேன். உற்றுப் பார்த்தால் நகரும். ஒரு முனையில் பழுப்புத் தலை எட்டிப் பார்க்கும். மணலையும் தூசியையும் நூலால் கோத்துச் செய்த பைக்குள் ஒரு புழு. ஒட்டடையும் உதிர்ந்த முடியும் அதற்குத் தீனி. அந்தப் பைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, ஒருநாள் சின்ன அந்துப்பூச்சியாக வெளியேறிவிடும். இதையெல்லாம் நான் போனில் படித்தது பிறகுதான், ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து.

மகனுக்கு அப்போது எட்டு மாதம். மூன்றாவது நாளாகக் காய்ச்சல். கணவர் போர்வெல் போடும் ரிக் லாரியோடு வடக்கே போயிருந்தார். மருந்து கொடுத்தால் சூடு இறங்கும், மறுபடி ஏறும். குறையாவிட்டால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"தாயத்து கட்டாததுதான் அம்மிணி. கொடிய எடு," என்றார் மாமியார். தொப்புள்கொடியை அடைத்துக் கட்ட எடப்பாடியில் செய்யச் சொன்ன வெள்ளிக் குப்பி அன்று காலைதான் வந்திருந்தது.

காய்ந்து விழுந்த அந்தக் கொடியைத் துணியில் முடிந்து பீரோ மேல் வைத்திருந்தேன். பிரித்தால் வெறும் பொடி. நடுவே ஒரு சாம்பல் விதை.

டப்பாவில் போட்டிருக்க வேண்டுமோ? இதுதான் தின்றதா, வேறு ஏதாவதா? இதுதான் என்றால் என் பிள்ளையின் கொடி இப்போது இதற்குள்தானே இருக்கிறது? எம்.எஸ்சி. படித்தவள் நான். மாமியாருக்குத் தெரியாமல் அதை எடுத்துக் குப்பிக்குள் போட்டேன். மாமியார் மெழுகு வைத்து அடைத்து, அரைஞாணில் கட்டினார்.

மதியம் உடம்பு அனலாகக் கொதித்தது. பால் குடிக்கவில்லை. கண்ணும் திறக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க அத்தை."

"இப்பத்தான கட்டியிருக்குது? பொழுது எறங்கட்டும். அதுக்குள்ள என்ன பறக்கறே?"

குப்பியைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சுட்டது.

"அதுக்குள்ள கொடி இல்லீங்க அத்தை. செவுத்துல ஊருமே, அந்தப் புழு. கொடியக் காணோமுன்னு நாந்தான் போட்டேன்."

"புழுவையா எம் பேரன் இடுப்புல கட்ட வெச்சே?" அரைஞாணோடு அறுத்து வாசலில் வீசினார். பிறகு பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆட்டோவக் கூப்புடு. நின்னுக்கிட்டு என்னத்தப் பாக்கறே?"

குப்பியைத் தாண்டித்தான் ஏறினோம். குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. காலையிலேயே சொல்லியிருந்தால், காலையிலேயே சொல்லியிருந்தால் என்பதுதான் வழி முழுக்க.