முதல் கவளம்

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளைக் காஜாக்கா என்பார்கள். பொத்தானுக்குத் துளை எடுக்கும் காஜா மெஷின்தான் அவள் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வந்த ஒரே ஒருவனிடம் அம்மா, "இவ என் பொண்ணே இல்ல, என் பொண்ணைக் கொன்னுட்டு வந்து உக்காந்திருக்கா" என்று சொல்லிவிட்டாள். அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான்.

அம்மாவுக்குப் புத்தி பேதலித்து வருஷங்களாகின்றன. மாத்திரை உள்ளே போனால் மனுஷி. போகாவிட்டால் ஜன்னலை உடைத்துத் தன் கையையே கிழித்துக்கொள்வாள். "இன்னொரு தடவை இப்படி நடந்தா அவங்கள எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க" என்று வீட்டுச் சொந்தக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். சேர்க்கும் இடத்தைக் காஜாக்கா போய்ப் பார்த்தாள். அங்கே மனிதர்களைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். செத்தாலும் அங்கே அனுப்புவதில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

மாத்திரை கொடுப்பது சாமானியமா? "நாக்கைத் தூக்கும்மா" என்று தினமும் பார்ப்பாள். அடியில் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு அம்மா வாயையே திறக்கவில்லை. காஜாக்கா மாத்திரையைப் பொடி செய்து சோற்றில் கலந்தாள். ஆனால் சோற்றில் விஷம் இருக்கிறது என்பதுதானே அம்மாவின் நோயே! மகள் முதல் கவளம் தின்ற பிறகுதான் தட்டைத் தொடுவாள். பொடியைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினால், தட்டைத் திருப்பி, "இந்தப் பக்கம் தின்னு" என்பாள். பைத்தியம் என்றால் மூளை இல்லை என்று யார் சொன்னது?

ஒரு கவளம் இரண்டாயிற்று, பிறகு பாதித் தட்டாயிற்று. அம்மாவுக்குப் போய்ச் சேர வேண்டியது குறையக் கூடாதே என்று காஜாக்கா இரண்டு மாத்திரை கலந்தாள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தனக்கு.

அம்மா தேறினாள். தலை வாரிக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்காரியோடு விலைவாசி பேசினாள். மகள் மெஷின் மேல் தூங்கி வழிந்தாள். ஒரு நாள் ஊசி நகத்தைத் துளைத்து விரலில் இறங்கியது. சட்டையில் ரத்தம் பட்டுவிட்டதே என்றுதான் சூப்பர்வைசர் கத்தினார். வேலை போயிற்று.

பெயருக்கு ஓர் அண்ணன் இருந்தான். அம்மாவே போன் போட்டு அவனை வரவழைத்தாள். அவன் வந்தபோது அம்மா துவைத்த துணியில் பளிச்சென்று நின்றாள். தங்கை நாற்காலியில் வாய் திறந்து, எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நூல் டப்பாவுல மாத்திரைய ஒளிச்சு வச்சிருக்காடா. யாருக்கும் தெரியாம திங்கறா போல" என்றாள் அம்மா. "எனக்குப் பயமா இருக்கு."

அம்மாவின் முன்னால் உண்மையைச் சொன்னால் அவள் இனிப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அதனால் காஜாக்கா அண்ணனை வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"அது அம்மா மாத்திரைண்ணே. நான்தான் அவங்களுக்குத் தெரியாம சோத்துல கலக்கறேன்."

அண்ணன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். அந்தப் பாவி உண்மையிலேயே அழுதான். "அம்மாவுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது. சோத்துல கலக்கறாங்க, சோத்துல கலக்கறாங்கன்னு."

தங்கை இனி மாத்திரை வாங்க முடியாதபடி டாக்டர் சீட்டை அவன் எடுத்துக்கொண்டான். மாத்திரை அட்டையை அம்மாவிடம் கொடுத்து, "தினம் ஒண்ணு இவளுக்கு மறக்காம குடுங்க. அப்பவும் சரியாகலேன்னா எங்கயாவது சேர்த்துடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் அம்மா ஒரே ஒரு மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டு வந்தாள். காஜாக்கா வாங்கி வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கினாள். உமிழ்ந்து பொடித்து, ராத்திரிச் சோற்றில் போட்டுவிட வேண்டும். தண்ணீரை மட்டும் விழுங்கினாள்.

பாம்பின் கால் பாம்பறியும். அம்மா அவள் தாடையைப் பிடித்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கை அவளைப் பிரியமாகத் தொட்டது.

"என் கண்ணுல்ல," என்றாள் அம்மா. "நாக்கைத் தூக்கு."